கட்டிலுக்கு ஒரு பாலிஷ் டப்பா

மகளின் பள்ளி ஷூவுக்கு பாலிஷ் போடுவது எங்கள் வீட்டில் மனைவியின் வேலை. எனக்கு அது ஆகாது. நேற்று அவளுக்குக் காய்ச்சல் என்பதால் நான் டப்பாவைத் திறந்தேன். வாடை மூக்கில் ஏறியதும் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன். நாற்பதைத் தொடுகிற வயதில் ஷூ பாலிஷுக்குப் பயப்படுகிற ஆள் நான் ஒருவன்தான் இருப்பேன். சிரித்துக்கொள்ளுங்கள்.

இங்கே வளைகுடாவில், முசஃபா தொழிற்பேட்டையில் கராஜ்களுக்குப் பின்னால் ஒரு கேம்ப் இருந்தது. பத்தாவதில் கோட்டைவிட்டு, மால்களில் சுற்றி, அடிதடியில் மாட்டிய எங்களைப் போன்ற பயல்களை ஆறு மாதம் பட்டாளத்து முறையில் வறுத்தெடுத்து செக்யூரிட்டி வேலைக்குத் தயார் பண்ணும் இடம். தேறினால் சொந்த விசா. மூன்று கறுப்புப் புள்ளி விழுந்தால் கலாஸ், கதை முடிந்தது; விசாவைக் கேன்சல் அடித்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். படிப்பை விட்ட, பதினெட்டு முடிந்த மகனை அப்பா விசாவில் வைத்திருக்க முடியாதே! ஊரில் எனக்கு யார் இருந்தார்கள்? லீவுக்குப் போனால் கொசுக்கடிக்கே அழுகிறவன் நான்.

எனக்கு இரண்டு புள்ளி விழுந்திருந்தது. அடுக்குக் கட்டிலில் எனக்குக் கீழே படுக்கிற பழனிவேலுக்கும் இரண்டு. அவனுக்குப் பெரம்பலூர்ப் பக்கம், அப்பா ஒரு அரபி வீட்டில் டிரைவர். விசில் சத்தம் கேட்டாலே இருவரும் சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொள்வோம்.

அம்மா நர்ஸ். வெள்ளிக்கிழமை பார்க்க வருவாள். தூத்துக்குடிக் கடற்கரைக்காரி, கருவாட்டுப் பொடி இல்லாமல் பிள்ளைக்குச் சோறு இறங்காது என்று முடிவே கட்டிவிட்டாள். "எளச்சிப் போய்ட்டியே மக்கா, ஒளிச்சி வச்சித் தின்னு" என்று பொட்டலத்தைத் திணித்துவிட்டு டூட்டிக்கு ஓடுவாள். வெளிச்சாப்பாடு கேம்பில் பெருங்குற்றம். லாக்கரைக் குடைவார்கள், ஆனால் பாலிஷ் டப்பாவை யார் திறக்கப்போகிறார்கள்? காலி டப்பா ஒன்றைக் கழுவிப் பொடியை அடைத்தேன். என் மூளையை நினைத்து எனக்கே பெருமை. பழனிவேல் சுத்த சைவம். "மூடித் தொலைடா, கொமட்டுது" என்று மூக்கைப் பிடிப்பான்.

சனிக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன். கட்டிலுக்கு ஒரு பாலிஷ் டப்பா, அதைக் கீழ்மெத்தையில்தான் வைக்க வேண்டும். அவசரத்தில் டப்பா மாறிவிட்டது. எடுத்து வைத்த பாவி நான்தான். அன்றைக்கென்று பார்த்து, எங்களை மேய்த்த ரிட்டயர்டு சுபேதாரின் ஷூவில் தூசி. எங்கள் டப்பாவைத் திறந்தார். மோந்து பார்த்தார்.

"யாருதுடா இது?"

ஏர்போர்ட்டில் அம்மா அழுவது கண்ணில் வந்தது. பழனிவேல் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தான். நானே சொல்லிவிடுவேன் என்று நம்பித்தான் அவன் வாயைத் திறக்கவில்லை. நான் எதிர்ச்சுவரைப் பார்த்தேன்.

சுபேதார் பழனிவேல் பக்கம் திரும்பினார். "உன் மெத்தையிலதான இருக்கு? மூணு ஆச்சு. பெட்டியக் கட்டு."

அவன் திட்டவில்லை. பெட்டி கட்டும்போது என் பக்கம் கிடந்த நிஜப் பாலிஷ் டப்பாவைத் தேடியெடுத்து, என் தலையணை மேல் வைத்துவிட்டுப் போனான். ஓங்கி ஓர் அறை விட்டிருக்கலாம்.

நான் தேறினேன். விசா, கல்யாணம், எல்லாம் நடந்தது. போன மாதம் அந்தப் பக்கம் போனேன். கேம்ப் இருந்த இடத்தில் டயர் கிடங்கு, பரேடு மைதானத்தில் லாரிகள். சுபேதார் ஊரில் இறந்துவிட்டாராம். பெரம்பலூர் ஆள் யாரைப் பார்த்தாலும் பழனிவேலை விசாரிக்க வாயெடுப்பேன், பயந்து விழுங்கிவிடுவேன்.

நேற்று மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, "என்னுது சார்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"வாட், டாடி?" என்றாள் மகள்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன்.