எண்ணெய்ச் சட்டி ஏறாத தீபாவளி

என் மனைவி இறந்தது ஒரு வைகாசி மாதம். மஞ்சள் காமாலை. நாட்டு மருந்து கொடுத்தோம், பிறகு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நாள் கடந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். அறுபதுகளின் தொடக்கம் அது. திண்டுக்கல்லிலிருந்து சாணார்பட்டி வழியாக நத்தம் போகிற தனியார் பஸ்ஸில் நான் டிரைவராக இருந்தேன். எங்களுக்கு ஒரே பெண் குழந்தை. ஆறு வயது.

காரியம் முடிந்த அன்று, மனைவியின் அக்கா குழந்தையின் துணிமணிகளை ஒரு பையில் எடுத்து வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். நான் அவரை மதினி என்று கூப்பிடுவேன். அவருக்கும் சகலைக்கும் பிள்ளை கிடையாது. சாணார்பட்டியைத் தாண்டி ரோட்டோரத்து ஊர் ஒன்றில் நிலக்கடலையும் சோளமும் போட்டுப் பிழைக்கிற குடும்பம்.

"நீங்க விடியுமுன்ன வண்டி எடுக்கப் போயிருவீங்க தம்பி. பொட்டப்புள்ளய யாருகிட்ட விட்டுட்டுப் போவீங்க? எங்கிட்ட இருக்கட்டும். செத்த வளந்ததும் கூட்டிக்கிடுங்க."

அவர் சொன்னது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சகலை அதிகம் பேசாத மனிதர். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை திரும்பிப் பார்க்காமல் நடந்தார். குழந்தைதான் அவர் தோளில் கன்னத்தை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தபடி போனாள்.

எனக்கு ஒரு வசதி இருந்தது. தினமும் அந்த ஊர் வழியாகத்தான் என் பஸ் போகும். காலை நடையில் அங்கே நிறுத்தும்போது, டீக்கடை முன்னால் மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்பாள். போகும்போது ஊர் இடது பக்கம் வரும். என் இருக்கையோ வலது பக்கம். அவள் மதினியின் கையை உதறிவிட்டு, பஸ்ஸின் மூக்கைச் சுற்றி ஓடிவந்து என் கதவுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பாள். நான் குனிந்து அவள் தலையைத் தொடுவேன். "சாப்ட்டியா?" என்று கேட்பேன். "சாப்ட்டேன். நீ சாப்ட்டியா?" என்பாள். சட்டைப்பையில் இருக்கிற மிட்டாயைக் கொடுப்பேன். அவ்வளவுதான் நேரம் இருக்கும். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, ஊதாமல், வேறு பக்கம் பார்த்தபடி கொஞ்சம் தாமதிப்பான். நல்லவன்.

ஐப்பசி பிறந்த சமயத்தில் ஒரு நாள், மிட்டாயை வாங்கிக்கொண்டு அவள் கேட்டாள்.

"அப்பா, தீவாளிக்கு அம்மா கடலை செய்யுமே, பாகு ஊத்தி, சுக்கு போட்டு. நீ செய்வியா?"

"செய்றேன்டா" என்று சொல்லிவிட்டேன். கியரைப் போட்டு வண்டி அடுத்த ஊர்க் குளக்கரையைத் தாண்டிய பிறகுதான், அதை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியாது என்பது உறைத்தது.

அதற்கு எங்கள் வீட்டில் பாகுக்கடலை என்று பெயர். உருண்டை பிடிப்பது கிடையாது. வறுத்த நிலக்கடலையை வெல்லப்பாகில் போட்டு, சுக்கு, ஏலக்காய், மிளகுப்பொடி தூவிக் கிளறிக்கொண்டே இருந்தால், ஒவ்வொரு பருப்பும் ஒரு சட்டை போட்டுக்கொண்டு தனித்தனியாக உதிர்ந்து வரும். முதலில் இனிக்கும். கடித்தபின் தொண்டையில் மெல்ல உறைக்கும். என் மனைவி ஒவ்வொரு தீபாவளிக்கும் செய்து, நாங்கள் குடியிருந்த வளவில் எல்லா வீட்டுக்கும் கிண்ணத்தில் போட்டுக் கொடுப்பாள். அவள் அடுப்படியில் நிற்கும்போது நான் கூடத்தில் படுத்துக் கிடப்பேன். வாசனை வரும். தட்டு வரும். நான் அறிந்தது அவ்வளவுதான்.

அந்த வருடம் எங்கள் வீட்டில் தீபாவளி இல்லை. சாவு விழுந்த வீட்டில் அந்த ஆண்டு எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது. அக்கம்பக்கத்தார்தான் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பார்கள். வளவில் அடுத்த வீட்டு அக்கா அதை முன்கூட்டியே என்னிடம் சொல்லிவிட்டார். அவர் புருஷன் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தார்.

"நீங்க ஒண்ணும் வாங்க வேணாம், அப்பு. நாங்க அம்புட்டுப் பேரும் இருக்கோம்."

"பாகுக்கடலை செய்யலாமாக்கா? பிள்ளை கேட்டுச்சு."

அவர் கொஞ்சம் யோசித்தார். "எண்ணெய்ச் சட்டிதானே வைக்கக் கூடாது. பாகுக்கு எண்ணெய் ஏது? செய்யலாம்னுதான் தோணுது. யாரும் கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க." பிறகு, "நான் வேணா செஞ்சு தரட்டா?" என்றார்.

வேண்டாம் என்றேன். பிள்ளை கேட்டது என்னை. பக்குவத்தை மட்டும் அவரிடம் கேட்டுக்கொண்டேன். அவர் செய்வது கடலை உருண்டை. உதிரியாக வருவதற்கு என் மனைவி என்ன செய்வாள் என்பது அவருக்கும் தெரியவில்லை. "அவ கடைசில அரிசி மாவு மாதிரி எதையோ தூவுவாப்பா" என்றார்.

தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானம் வண்டியை விட்டுவிட்டு வந்து அடுப்பைப் பற்றவைத்தேன். அடுப்படியில் அவள் பொடி வைத்திருந்த தகர டப்பாவைத் திறந்தேன். போன வருடம் இடித்த சுக்குப்பொடி அடியில் கொஞ்சம் கிடந்தது. முகர்ந்து பார்த்தேன். மண் மாதிரி இருந்தது, வாசனையே இல்லை. அதை அப்படியே மூடி வைத்துவிட்டுக் கடைக்குப் போய்ப் புதுச் சுக்கும் ஏலக்காயும் வாங்கிவந்து இடித்தேன்.

மணலைக் காயவைத்து அதில் கடலையை வறுத்தேன். அது சரியாக வந்தது. தோலைத் தேய்த்துச் சொளகில் போட்டுப் புடைத்தபோது பாதி தோல் என் தலையிலும் மீசையிலும் ஒட்டிக்கொண்டது. பாகுதான் சதி செய்தது. முதல் தடவை அவசரப்பட்டு இறக்கிவிட்டேன். கடலையெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, களிமண் பிசைந்த மாதிரி கையை விட்டுப் போக மறுத்தது. இரண்டாம் தடவை பயந்துகொண்டே கூடுதல் நேரம் வைத்தேன். கருகிவிட்டது. வளவு முழுக்கக் கருகல் வாசனை. மற்ற வீடுகளில் முறுக்கு வேகிற வாசனை. எண்ணெய் சொய்யென்று இரைகிற சத்தம் நாலா பக்கமும் கேட்டது. பிள்ளைகள் வாசலில் ஊசிப்பட்டாசைப் பிரித்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு சட்டியைச் சுரண்டினேன். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் தினமும் வராது. சட்டியை நினைத்தபடி கழுவவும் முடியாது. சாம்பலைப் போட்டுத் தேய்த்துத் துணியால் துடைத்து மறுபடி வைத்தேன்.

அக்கா கதவைத் தட்டாமல் வெளியிலிருந்தே சொன்னார். "அப்பு, ஒரு சொட்ட எடுத்துத் தண்ணியில விடுங்க. அத உருட்டித் தட்டுல போட்டா டங்குனு கேக்கணும். அப்ப கடலையப் போடுங்க."

அது மூன்றாம் தடவை. டங்கென்று கேட்டது. கடலையைக் கொட்டி, இறக்கி வைத்து, சுக்கும் ஏலக்காயும் மிளகும் அரிசி மாவும் தூவிக் கை வலிக்கக் கிளறினேன். ஒரு கட்டத்தில் கரண்டியின் பாரம் குறைந்தது. பருப்பு ஒவ்வொன்றாகச் சட்டியின் விளிம்பில் சலசலவென்று உதிர்ந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் கூடத்தைத் திரும்பிப் பார்த்தேன். யாரிடமோ காட்ட வேண்டும் போல இருந்தது. கூடத்தில் யாரும் இல்லை. ஒரு பருப்பைத் தின்று பார்த்தேன். சுக்கு தூக்கல். என் மனைவி எவ்வளவு போடுவாள் என்று கேட்டுவைத்துக்கொண்டவன் இல்லையே நான். ஆறவைத்து டப்பாவில் போட்டேன்.

தீபாவளியன்று வண்டி ஓட்ட நானே முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். மற்ற டிரைவர்களுக்குக் குடும்பம் இருந்தது. கண்டக்டர் கிறிஸ்தவன், அவனுக்கும் அன்று வீட்டில் விசேஷம் இல்லை. பஸ்ஸில் ஏழெட்டுப் பேர்கூட ஏறவில்லை. டப்பாவை இருக்கைக்குப் பக்கத்தில் துண்டு போட்டுக் கட்டி வைத்திருந்தேன்.

அந்த ஊரில் நிறுத்தினேன். டீக்கடை மூடிக் கிடந்தது. மதினியும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஊருக்குள் வெடிச்சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஹாரனை அடித்துப் பார்த்தேன்.

"நான் போய்க் கூட்டியாரேண்ணே" என்றான் கண்டக்டர்.

"வேணாம். நானே போயிட்டு வாரேன்."

காக்கிச் சட்டையோடு டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் நடந்தேன். சகலை வீட்டு வாசலில் நாலைந்து பிள்ளைகள் குந்தி உட்கார்ந்து பாம்பு மாத்திரை கொளுத்திக்கொண்டிருந்தார்கள். அரக்குப் பாவாடை கட்டியிருந்த ஒருத்தி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். தலையில் எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னி, இரண்டு பக்கமும் ரிப்பன் கட்டியிருந்தது. யார் வீட்டுப் பிள்ளையோ என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் திரும்பினாள்.

"அப்பா!"

ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். டப்பாவைத் திறந்து காட்டினேன். ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"காரமா இருக்குப்பா" என்றாள். ஆனால் இன்னொன்றை எடுத்தாள். பிறகு கை நிறைய அள்ளிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது.

"அம்மா, அப்பா கடலை கொண்டாந்திருக்கு. வாயத் தெற. வாயத் தெறம்மா!"

மதினி வெளியே வந்தார். வாயில் கடலை. என் முகத்தில் என்ன பார்த்தாரோ, மெல்லாமல் அப்படியே நின்றுவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நானாச் சொல்லிக் குடுக்கலை தம்பி. மத்த பிள்ளைக அவகவக அம்மாவக் கூப்பிடறதப் பாத்துட்டு, அதுவா..."

"இருக்கட்டும் மதினி. கூப்பிடட்டும்."

"உள்ள வாங்க. ஒரு வாய் சாப்ட்டுப் போங்க."

"வண்டி நிக்குது மதினி."

ரோட்டிலிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. பிள்ளை மறுபடி பாம்பு மாத்திரை முன்னால் உட்கார்ந்திருந்தாள். "வாரேன்டா" என்றேன். "சரிப்பா" என்றாள், கரும்பாம்பு நெளிந்து எழுவதை விட்டுக் கண்ணெடுக்காமல். பஸ்ஸுக்கு வந்து உட்கார்ந்தேன். கண்டக்டர் விசில் கொடுத்தான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது, வாசற்படியில் தட்டுத் தட்டாகப் பலகாரம் இலையால் மூடி வைத்திருந்தது. அதிரசம், முறுக்கு, சுழியம். ஒவ்வொரு வீட்டுத் தட்டும் எனக்குத் தெரியும். ஒரு குடும்பம் தின்கிற அளவு இருந்தது. நான் ஒரு அதிரசத்தைப் பிய்த்துத் தின்றேன். மீதியை என்ன செய்வதென்று தெரியவில்லை. மறுநாள் டிப்போவில் கொண்டுபோய்க் கிளீனர் பையன்களுக்குக் கொடுத்தேன்.

அதன் பிறகு அவள் ஸ்டாப்புக்கு வருவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார்கள், சேக்காளிகள் இருந்தார்கள். சில நாள் தூரத்திலிருந்தே கையை ஆட்டுவாள். சில நாள் காணவே காணோம். கண்டக்டர் வழக்கம்போல விசிலை வாயில் வைத்துக்கொண்டு தாமதிப்பான். ஒரு நாள் நானே, "விசில் குடுப்பா" என்றேன்.

தை கழிந்து சகலை என்னைத் தேடிப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். கிளாசைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"வளந்ததும் கூட்டிக்கிடுங்கன்னு ஒங்க மதினி சொன்னா. இப்ப அவளே அத நெனச்சு நெனச்சு அழுகுறா" என்றார்.

"அங்கேயே இருக்கட்டும், சகலை" என்றேன். அவர் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த மாதம் முதலாளியிடம் சொல்லி வத்தலக்குண்டு ரூட்டுக்கு மாற்றிக்கொண்டேன். அந்த ஸ்டாப்பில் தினமும் நிறுத்தி எடுக்க என்னால் முடியவில்லை. இன்னொரு கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொன்னார்கள். செய்துகொள்ளவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி மட்டும் பாகுக்கடலை செய்து நத்தம் வண்டி டிரைவரிடம் கொடுத்தனுப்புவேன். கை பழகிவிட்டது. கருகுவதில்லை. சுக்கு மட்டும் என் கைக்கு எப்போதும் தூக்கலாகவே விழுந்தது.

சில வருடங்கள் கழித்து, மாசித் திருவிழாவுக்குச் சேக்காளிகள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அவள் திண்டுக்கல்லுக்கு வந்தாள். தாவணி போடுகிற வயது. வருவதாகச் சொல்லியனுப்பியிருந்ததால் பாகுக்கடலை செய்து வைத்திருந்தேன். மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்து கடலை தின்றார்கள். நான் அடுப்படியில் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன்.

"எங்கம்மா பண்றது இதே பக்குவந்தான்டி. செத்துப்போன எங்கம்மா" என்று அவள் அவர்களிடம் சொன்னாள். "சுக்கு இப்படித்தான் தூக்கலா இருக்கும். எனக்கு இன்னும் நாக்குலயே நிக்கிது."

அவர்களில் ஒருத்தி என்னைப் பார்த்து, "அப்பிடியா மாமா?" என்று கேட்டாள்.

என் மனைவி போடுவது இலேசான சுக்கு. ஏலக்காய்தான் முன்னால் வரும். மிளகு இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டும். "ஆமாம்மா" என்றேன்.

சாயங்காலம் மூன்று பேரையும் நத்தம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். தட்டில் கொஞ்சம் கடலை மீதி இருந்தது. ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, என் மனைவி செய்தது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். ஏலக்காய், இலேசான சுக்கு என்று வார்த்தையாகத்தான் வந்தது. நாக்கில் இருந்தது நான் செய்ததுதான்.