ஊருக்கெல்லாம் ஓய்வுநாள்

வெள்ளிக்கிழமை வந்தால், மறுநாள் ஓய்வுநாளாயிற்றே என்று அவளுக்குக் கலக்கம். ஓய்வுநாளைக் கண்டு பயப்படுகிற பெண் உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

சட்டை தைக்கும் கம்பெனியில் பொத்தான் துளை போடும் காஜா மெஷின் அவளுடையது. சனிக்கிழமை வரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்று சூப்பர்வைசரிடம் லீவு வாங்கினாள். பதிலுக்கு ஞாயிறு முழுக்க வேலை. ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகும் அவள் அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. "ஏசுவும் வேணுமாம், சனிக்கிழமையும் வேணுமாம். ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்" என்று சொந்தபந்தமெல்லாம் சொல்லித் திரிந்தாள். யெஷுவாதான், அதாவது ஏசுதான், மேசியா என்று நம்புகிறவள், அவர் அனுசரித்த சனிக்கிழமை ஓய்வுநாளைத் தானும் அனுசரிப்பதில் எது ஆறு, எது சேறு? இவளுக்கு விளங்கவில்லை. சண்டை போடத் தெம்பும் இல்லை.

அவர்களுடைய சின்னச் சபை கூடுவது இவள் வீட்டில். கூடம் பெரிது, அது போதாதா? வெள்ளி மாலை பொழுது சாய்வதற்குள் சமையல் முடிய வேண்டும், பொழுது சாய்ந்ததும் ஓய்வுநாள் தொடங்கிவிடும், அதற்குப் பிறகு அடுப்பு மூட்டக்கூடாது. கம்பெனி விட்டு ஓடிவந்து, கூடம் பெருக்கி, ஓய்வுநாளுக்கென்று பின்னல் ரொட்டி சுட்டு, பெரிய பாத்திரம் நிறைய சூப் காய்ச்சி, கடைசியில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது கால் இரண்டும் கழன்று விழும். மறுநாள் சபையார் வருவார்கள். பாடுவார்கள், சாப்பிடுவார்கள், பாய் கேட்டுத் தூங்குவார்கள். "அக்கா, உங்க வீட்டுக்கு வந்தாத்தான் ஓய்வுநாள் மாதிரியே இருக்கு" என்பார்கள். இருக்காதா பின்னே! தட்டு எடுக்கிறவள் இவளல்லவா?

ஒரே ஒரு ஓய்வுநாள் தானும் உட்கார வேண்டும். அதைச் சொல்லிவிட ஒவ்வொரு வாரமும் வாயைத் திறப்பாள். "இன்னும் கொஞ்சம் சூப் ஊத்தவா?" என்றுதான் வரும்.

அவள் புருஷன் டாக்ஸி ஓட்டுகிறவன், எந்தச் சாமியோடும் வரவு செலவு வைத்துக்கொள்ளாதவன். "உங்க சாமி ஏழாம் நாள் உக்காந்தாராமே, உன் கையில மாட்டாம தப்பிச்சாரு. இல்லேன்னா ஓவர்டைம் போட்டிருப்ப" என்பான். அவள் சிரிக்கக்கூட மாட்டாள்.

போன வெள்ளிக்கிழமை, மாவு பொங்கட்டும் என்று சுவரில் சாய்ந்தாள். அவ்வளவுதான் தெரியும். கண் விழித்தபோது ஜன்னல் கறுத்துக் கிடந்தது. ரொட்டி இல்லை, சூப் இல்லை, மெழுகுவர்த்தியும் ஏற்றவில்லை. இனி அடுப்பை மூட்டினால் ஓய்வுநாளை மீறியவள். மூட்டாவிட்டால் நாளைக்குப் பசியோடு வருகிறவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? இருட்டிலேயே உட்கார்ந்து அழுதாள்.

புருஷன் வந்து விளக்கைப் போட்டான். "யாருக்கு என்ன ஆச்சு?"

"தூங்கிட்டேன்" என்றாள், கொலை செய்தவள் போல.

விஷயம் முழுதும் கேட்டுவிட்டு, "சரி, மிச்சத்தையும் தூங்கு, போ" என்றான்.

மறுநாள் வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டுத்தான் விழித்தாள். வெயில் ஏறியிருந்தது. புருஷன் நிலைப்படியை அடைத்துக்கொண்டு நின்றான்.

"அக்கா இல்லீங்களா?" சபை மூப்பரின் குரல்.

"இருக்கா. தூங்குறா."

"உடம்பு சரியில்லையா?" இது அவர் மனைவி.

"உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா. இன்னிக்கு ஓய்வுநாளாமே, உங்களுக்குத் தெரியாதா?"

படுக்கையில் கேட்டுக்கொண்டிருந்த அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்து போய் "வாங்க வாங்க" என்றால் தீர்ந்தது. கொண்டையைக்கூட முடிந்துவிட்டாள். ஆனால் கால் தரையில் ஊன்றவில்லை. ஊன்ற மனசும் இல்லை. மறுபடி படுத்துக்கொண்டாள். செருப்புச் சத்தங்கள் தெருவில் இறங்கிப் போயின.

அவன் உள்ளே வந்தான். சனிக்கிழமைதான் அவனுக்குச் சவாரி அதிகம். ஒரு சனிக்கிழமையாவது இவன் வீட்டில் இருக்க வேண்டுமென்று எத்தனை வருஷமாக ஜெபித்திருக்கிறாள்!

"வண்டி எடுக்கலையா?"

"நான் போயிட்டா உன்னை யாரு தூங்க விடுவா?" என்றபடி கதவைச் சாத்தினான்.