கல்லருகே ஒரு காதுகுத்து

அமெரிக்காவில், இர்விங் நகரத்தில் நான் ஆபீஸ் போகும் சாலையோரம் ஒரு நினைவுக்கல் நிற்கிறது. கார் வேகத்தில் முதல் வரியை மட்டும்தான் படிக்க முடியும்: ஸ்பெயின் நாட்டுப் படை ஒன்று தரைவழியாக இந்தப் பக்கம் வந்ததாம். பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வரும். அவர்கள் பாஸ்போர்ட்டில் எவன் ஸ்டாம்ப் குத்தினான்? ஏற்கெனவே இங்கே இருந்தவர்களை ஒரு வார்த்தை கேட்டார்களா?

எனக்கோ விசா எக்ஸ்டென்ஷன் பெண்டிங். நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வர ஸ்டாம்பிங் வேண்டும். அதற்கு அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது குதிரைக்கொம்பு. அங்கேயே மாட்டிக்கொண்டால் வேலை போய்விடும். ஊரில் தங்கை மகளுக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். தங்கைக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான். எனக்காக இரண்டு முறை தள்ளிப்போட்டாள். இந்த முறை பெரியவர்கள் விடவில்லை. மாமன் சீராகத் தோடு மட்டும், ஊருக்குப் போன நண்பரின் பெட்டியில் போய்ச் சேர்ந்தது. தோட்டுக்கு விசா வேண்டாமே.

அங்கே விடிகாலை முகூர்த்தம், இங்கே முந்தின நாள் சாயங்காலம். வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரே டிராஃபிக். வீடியோ கால் வந்தபோது காரை ஒதுக்க அந்தக் கல்லருகேதான் இடம் இருந்தது. இறங்கி நின்று போனை எடுத்தேன்.

போனில் குலதெய்வக் கோயில் தெரிந்தது. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு குழந்தை, என் சித்தப்பா மகனின் மடியில் இருந்தாள். ஆசாரி ஊசியை எடுத்ததும், "மாமா! மாமா!" என்று வீரிட்டாள்.

"இதோ இருக்கேன்டா தங்கம்," என்றேன்.

அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அவன் தோளில் முகத்தைப் புதைத்தாள். எனக்குப் பொறாமை பொங்கியது. பாவம், அவன் என்ன செய்வான்!

எல்லாம் முடிந்ததும் தங்கை போனோடு தள்ளி வந்தாள். "எங்கண்ணா நிக்கற? பின்னால என்ன கல்லு அது?"

"அந்தக் காலத்துல எங்கிருந்தோ நடந்து வந்தவங்களுக்கு வச்சது."

"வந்து என்ன ஆனாங்க?"

திரும்பி, மீதி வரிகளை முதல் தடவையாகப் படித்தேன். "தேடி வந்தது கிடைக்கலையாம். வந்த வழியே திரும்பிப் போயிட்டாங்களாம்."

 தங்கை சந்தனக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கொடுத்து வச்சவங்கண்ணா," என்றாள்.