நின்று நின்று ஓடிய படம்

பெண்டாட்டி செத்துப் பன்னிரண்டாம் நாள் வீடு வந்து சேர்ந்த மனுஷன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்பதுதான் தெருவெங்கும் பேச்சு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? இனிகோ கப்பலில் எலக்ட்ரிக்கல் ஆபீசர். இருபத்தாறு வருஷ சர்வீஸ். ஹில்டா நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தபோது அவருடைய கப்பல் இரும்புத்தாது ஏற்றிக்கொண்டு நடுக்கடலில் போய்க்கொண்டிருந்தது. கரையைத் தொட இன்னும் பத்து நாள். அதுவரை வைத்திருக்க முடியுமா? மறுநாள் சாயங்காலமே அடக்கம் முடிந்துவிட்டது.

வந்தவர் கல்லறைக்குப் போனார், பூ வைத்தார், திரும்பி வந்து ஹாலில் இடித்த புளி மாதிரி உட்கார்ந்துகொண்டார். துக்கம் கேட்க வந்தவர்களிடம் குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று விசாரித்தார். சாவு பக்கத்து வீட்டில் நடந்த மாதிரிதான் அவருக்கு இருந்தது. சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் உள்ளே கிடந்து உறுத்தியது. அடக்கத்தன்று மகள் விஜிலா வீடியோ காலில் எல்லாவற்றையும் காட்டிக்கொண்டிருந்தாள். கேப்டன் கப்பலில் மற்றவர்களுடைய நெட்டை எல்லாம் நிறுத்தி இவருக்கு விட்டிருந்தார். சாமியார் ஜெபம் முடித்து, நாலு பேர் பெட்டியின் மூடியைத் தூக்கிய அந்த நேரத்தில் லைன் போய்விட்டது. மகள்தான் நிறுத்திவிட்டாள் என்று இனிகோ முடிவு கட்டிவிட்டார். கடைசி முகம் பார்க்கிற நேரத்தில் புருஷன்காரனை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டாளே! கேட்கலாம். கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால், மிச்சமிருக்கிற ஒரே பிள்ளையை வைத்து என்ன செய்வது? அதனால் கேட்கவில்லை. வந்த நாளிலிருந்து அவளிடம் தேவைக்கு இரண்டு வார்த்தை, அவ்வளவுதான்.

வீடியோக்காரர் நேசக்குமார் அடக்கத்தை முழுசாக எடுத்து ஒரு பென்டிரைவில் கொடுத்திருந்தார். முப்பதாம் நாள் பூசைக்கு முன்னால் அந்த மூடி போடுகிற நேரத்தைப் பார்த்துவிட வேண்டும். இனிகோவுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ஹாலில் டிவிக்குப் பின்னால் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் உண்டு. நாலு வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்தபோது ஹில்டா நாடகம் பார்க்கட்டும் என்று அவரே லினக்ஸ் போட்டு மாட்டிக் கொடுத்தது. அதில் பென்டிரைவைச் செருகினார். சத்தம் ஓடியது, படம் ஓடவில்லை. ஒப்பாரி ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்க, படம் நொண்டி நொண்டிப் பின்னால் வந்தது. கம்ப்யூட்டருக்குள் இருந்த ஃபேனின் இரைச்சல் குசினி வரை கேட்டது.

கோளாறு என்றதும் மனுஷனுக்கு உயிர் வந்துவிட்டது. நோட்டை எடுத்து, கப்பலில் எழுதுவதைப் போலத் தேதி போட்டு எழுத ஆரம்பித்தார். வீடியோவை விரித்துக் காட்டுவது கிராபிக்ஸ் சிப்பின் வேலை. அது கையைக் கட்டிக்கொண்டு நிற்க, புராசசர் ஒற்றை ஆளாகச் சுமந்து திணறிக்கொண்டிருந்தது. ஏன் என்றுதான் பிடிபடவில்லை. சிப்பை ஓட்டும் டிரைவர் புரோகிராமை மாற்றினார். கெர்னலைப் புதுப்பித்தார், பிளேயரை மாற்றினார், ஒன்றும் பாக்கியில்லாமல் கேபிளையும் மாற்றினார். நாள் ஒன்பது ஆயிற்று.

நேசக்குமாரிடம் சொன்னால் சின்ன பைலாகப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறார். புத்தியுள்ளவன் அதைத்தான் செய்வான். விஜிலாவும் தன் போனில் நன்றாக ஓடுகிறது, பாருங்கள் என்று நீட்டினாள்.

“போன்ல ஒருக்கா பாத்தாச்சி” என்றார் இனிகோ. அவள் முகம் சுண்டிப்போனது. அதையும் அவர் பார்த்தார், பார்த்துவிட்டு நோட்டுக்குத் திரும்பிவிட்டார். உண்மையைச் சொன்னால் அந்த ரிப்பேர் சீக்கிரம் முடிவதில் அவருக்கு அவசரமில்லை. அது இருக்கிறவரை காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இருந்தது.

இருபத்தெட்டாம் நாள் மத்தியானம், எழுதியதையெல்லாம் முதலிலிருந்து படித்தார். எல்லா அதிகாரமும் உள்ள ரூட்டாக உள்ளே போய்ச் சிப்பைச் சோதித்தால் ஒழுங்காகப் பதில் சொல்கிறது. தன் பெயரில் சோதித்தால் அனுமதி இல்லை என்கிறது. அப்புறம் டிரைவரைக் குறை சொல்லி என்ன? தலையில் அடித்துக்கொண்டார். அந்தக் கம்ப்யூட்டர் எப்போதும் ஹில்டாவின் பெயரில்தான் திறக்கும். ஊர் வந்த அன்று டிவியைப் போட்டதும், பாதியில் விட்ட நாடகத்தோடு அவள் பெயர் வந்து நின்றது. பார்க்கச் சகிக்காமல் தன் பெயரில் புதிதாக ஒரு கணக்கைத் திறந்து, அதிலேயே திறக்கும்படி செய்துவிட்டார். கிராபிக்ஸ் சிப்பைத் தொட ஹில்டாவின் பெயருக்கு நாலு வருஷத்துக்கு முன்னால் மாட்டியபோதே அனுமதி போட்டிருந்தார். தன் பெயருக்குப் போட மறந்துபோனார். இருபத்தாறு வருஷ சர்வீஸ், வெட்கக்கேடு! ஒரே ஒரு வரி அடித்துத் தன் பெயரைச் சேர்த்து, அணைத்துப் போட்டார். ஃபேன் சத்தமில்லை. படம் தண்ணீர் போல ஓடியது.

விஜிலா ஒப்பாரிச் சத்தம் கேட்டுக் குசினியிலிருந்து வந்து ஓரமாக உட்கார்ந்தாள். அவர் ஜெபம் முடிகிற இடத்துக்கு நகர்த்தினார்.

பெட்டியின் தலைமாட்டில் விஜிலா நிற்கிறாள். வலது கை உயர்ந்திருக்கிறது, கையில் போன், ஹில்டாவின் முகத்துக்கு நேராக. நாலு பேர் மூடியைத் தூக்குகிறார்கள். கேமரா சுற்றிக்கொண்டு அவள் பின்னால் வருகிறது. போன் திரை கறுப்பாக இருக்கிறது. அவளும் அதைப் பார்க்கிறாள், கட்டைவிரலால் தட்டுகிறாள், மறுபடி தட்டுகிறாள், வரவில்லை. கையை இறக்கவில்லை. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து நெற்றியில் உதடு வைத்து முத்தி செய்கிறார்கள். மூடி இறங்குகிறது. யாரோ ஒரு பெண் அவள் கையைப் பிடித்துத் தாழ்த்தப் பார்க்கிறாள். விஜிலா உதறிவிடுகிறாள். வலது கைக்கு இடது கையை முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொள்கிறாள். பெட்டி வண்டியில் ஏறுகிறவரை அந்தக் கறுத்த போன் அப்படியே உயர்ந்திருந்தது.

இனிகோ படத்தை நிறுத்தினார். “லைன் கட்டாயிட்டுன்னு ஒனக்குத் தெரியலயாம்மா?”

“தெரியும்பா. கைய எறக்கிட்டா நீங்க வரலன்னு ஆயிரும்லாப்பா.”

இதற்கு மேல் மறைத்து என்ன ஆகப்போகிறது?

“நீதான் கட் பண்ணிட்டன்னு நெனச்சேன்.”

அவள் டிவியை விட்டு அவர் பக்கம் திரும்பினாள். “அதான் எங்கிட்ட பேசாம இருந்தியளா?”

“ஆமா” என்றார் இனிகோ. சொன்ன பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. முதலில் அது ஹில்டாவுக்காக இல்லை.