உயிரோடிருந்தவருக்கு வந்த பதில்

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துவதுதான் அவள் வேலை. ஆனால் அந்தத் தெருவில் அவளைக் ‘கையெழுத்தக்கா’ என்றால்தான் தெரியும். நாடு விடுதலையான முதல் சில வருடங்களில் தலைவர்கள் கையெழுத்திட்ட கடிதங்களைத் தேடித் தேடிச் சேர்ப்பவள். முப்பது வருடத்தில் பதினான்கு கடிதங்கள். கடைப் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் போதும், மை தானாக ஓடியதா, யாரோ பார்த்துப் பார்த்து வரைந்ததா என்று சொல்லிவிடுவாள்.

"செத்துப்போன மந்திரிங்க கையெழுத்தெல்லாம் இவளுக்கு அத்துப்படி. என் கையெழுத்தைக் காட்டினா யாரோடதுங்கிறா" என்பார் பஸ் ஓட்டுநரான அவள் கணவர்.

இந்தப் பித்து சும்மா பிடித்ததல்ல. அவள் ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது, விடுதலை கேட்டு ஆற்றுப் பாலத்தில் போன ஊர்வலத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் அப்பா செத்துப்போனார். பூங்காவில் இருக்கும் நினைவுக்கல்லில் நான்காவது பெயர் அவருடையது. அப்பா உயிரைக் கொடுத்து உண்டாக்கிய நாட்டை நடத்தியவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் அவள் முதல் கடிதத்தை வாங்கினாள்.

அறுபத்தொரு வயதில் ஒரு மத்தியான வேளை, பழைய பேப்பர் வியாபாரி கடைக்கு வந்து ஒரு உறையை நீட்டினார். "துறைமுக ஊர்ல ஒரு வீடு காலி பண்ணினாங்க. அங்க கிடைச்சுது. முதல் உள்துறை மந்திரி கையெழுத்து மாதிரி இருக்கு, பாருங்கக்கா."

உறையின்மேல் அவளுடைய அப்பாவின் பெயர், அதன் கீழே துறைமுக ஊர் முகவரி. ஒரே பெயரில் ஆயிரம் பேர் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே பிரித்தாள்.

‘தாங்கள் உயிருடன் இருப்பதறிந்து மகிழ்ச்சி. ஆனால் பாலத்தில் உயிர்நீத்தோர் பட்டியலில் தங்கள் பெயர் சேர்ந்து, கல்லிலும் பொறித்தாகிவிட்டது. அதன்பேரில்தான் தங்கள் மனைவிக்கு அரசு அச்சகத்தில் வேலை கிடைத்தது. மகளுக்கு மூன்று வயது என்கிறீர்கள். பட்டியலைத் திருத்தினால் அவர்கள் கதி என்ன? தாங்களே எண்ணிப் பாருங்கள்.’

அவள் அம்மா அச்சகத்தில்தான் வேலை பார்த்தாள். தேதியைப் பார்த்தாள், அந்த வருடம் அவளுக்கு மூன்று வயது. வாழ்க்கையில் முதல்முறையாக, கையெழுத்தைச் சரிபார்க்க மறந்துபோனாள்.

"அந்த வீட்டுக்காரர் யாரு?"

"யாரோ கிழவர். தனி ஆள். செத்து மூணு மாசம்தான் ஆகுது. என்னக்கா, முகமெல்லாம் வெளிறிப்போச்சு?"

மூன்று மாதம்! அறுபது வருடமாகச் செத்தவர் என்று நினைத்திருந்த மனிதர், மூன்று மாதத்துக்கு முன்வரை எங்கோ சாப்பிட்டு, தூங்கி, எழுந்து நடமாடியிருக்கிறார்.

எப்படி வீடு வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். எண்பத்து நான்கு வயதிலும் ஊசியில் நூல் கோக்க யாரையும் கூப்பிடாதவள்.

"அம்மா, அப்பா அன்னிக்குச் சாகலையா?"

அம்மா ஊசியை நிறுத்தினாள். "யாரு சொன்னா?" என்றாளே தவிர, ‘என்ன உளறல்’ என்று கேட்கவில்லை. அதிலேயே மகளுக்கு உயிர் பாதி போய்விட்டது.

"உனக்குத் தெரியுமா?"

"வந்தார். ரெண்டு வருஷம் கழிச்சு, ஒரு மத்தியானம். நீ தூங்கிட்டிருந்தே. சுட ஆரம்பிச்சதும் ஆத்துல குதிச்சுத் தப்பிச்சாராம். பயத்துல ஒளிஞ்சிருந்தாராம். ரெண்டு வருஷத்துல ஒரு வரி எழுதிப் போட்டியான்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சார். உன்னை இடுப்புல வச்சுக்கிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தானே தெரியும்? ‘ஊருக்குச் செத்தவன் எனக்கும் செத்தவன்தான், போ’ன்னேன். போய்ட்டார்."

"மூணு மாசம் முன்னாடி வரைக்கும் உயிரோட இருந்திருக்கார்மா."

அம்மா மகளையே பார்த்தாள். "மூணு மாசமா?" என்றாள். மடியிலிருந்த பொத்தான்கள் தரையில் சிதறி உருண்டன. பொறுக்கத் தோன்றவில்லை இருவருக்கும்.

கோபப்படுவதா, அழுவதா என்றே தெரியாமல் மகள் நின்றாள். அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்து மண்டையில் அடித்தது.

"அப்போ நீ யாரைம்மா அடக்கம் பண்ணினே?"

"மூணு நாள் தண்ணியில கிடந்த உடம்பு. முகமே இல்ல. உயரம் ஒத்துப்போச்சு. எல்லாரும் அவர்தான்னாங்க. நானும் ஆமான்னேன்." அம்மாவின் குரல் இறங்கியது. "அவர் திரும்பி வந்த நாள்லேர்ந்து அதை நெனச்சுக்கிட்டேதான் இருக்கேன். வாயைத் திறந்தா எல்லாம் போயிடும்னு இருந்துட்டேன்."

கணவர் சொன்னார்: "அந்த லெட்டரைக் கிழிச்சுப் போட்டுடு. யாருக்குத் தெரியப்போகுது?" அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தியாகியின் மகள் என்றுதான் அவளுக்குப் பள்ளியில் இடம் கிடைத்தது, கல்யாணத்தில் மரியாதை கிடைத்தது. ஆனாலும் யாருடைய பிள்ளையோ தன் அப்பா பெயரில் மண்ணுக்குள் கிடக்கிறானே என்ற நினைப்பில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வாரம் கழித்துக் கடிதத்தை எடுத்துக்கொண்டுபோய் ஆவணக் காப்பகத்தில் கொடுத்து, அடக்கமானவர் யார் என்று தேடிப் பார்க்கச் சொன்னாள்.

ஐந்து மாதம் ஆயிற்று. பழைய காவல்துறைப் பதிவேட்டில், அன்று காணாமல் போனவர்கள் என்று ஒரே ஒரு பெயர் இருந்தது: டிராம் வண்டியில் டிக்கெட் கொடுக்கும் இளைஞர். அவருடைய தங்கை இன்னும் அதே நகரத்தில் இருந்தார். எழுபத்தாறு வயது. காப்பகக்காரர்களே முகவரி கொடுக்க, நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். அம்மா உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள் என்றுதான் மகள் நினைத்தாள். அம்மா எழுந்து வந்து அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"உயரமா இருப்பாரா?" என்று அம்மாதான் முதலில் கேட்டாள்.

"ஆமா. வாசல்ல குனிஞ்சுதான் வருவான்." தங்கை கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "அடக்கம் பண்ணும்போது யாராவது அழுதாங்களா?"

"நான் அழுதேன். ரெண்டு வருஷம் அழுதேன்."

"நாங்க அழவே இல்லைங்க. வந்துடுவான்னு எங்கம்மா கடைசி வரைக்கும் ஒருத்தரையும் அழ விடல." சொல்லி முடிப்பதற்குள் தங்கை உடைந்துபோனார். அறுபது வருடம் தேக்கி வைத்த அழுகை. அம்மா அவர் கையைப் பிடித்தபடி, தடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் அம்மாவும் அந்தத் தங்கையும் கல்லறைக்குப் போனார்கள். கையெழுத்தக்கா அவர்களோடு போகவில்லை. துறைமுக ஊருக்குப் போகும் முதல் பஸ்ஸில் ஏறி, உறையிலிருந்து எழுதி வைத்திருந்த அப்பாவின் முகவரியை நடத்துநரிடம் காட்டி, எங்கே இறங்கவேண்டும் என்று கேட்டாள்.