ரோஸ் நோட்டீஸில் இருந்த முகம்

இலங்கையில் நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துச் சுவரில் நான் ஒட்டிய நாடக நோட்டீஸுக்கு முன்னால் மறுநாள் காலை யாரோ சூடம் கொளுத்தியிருந்தார்கள். தரையில் கரிவட்டம். அதன் பக்கத்தில் ஒரு வெற்றிலை, வெற்றிலை மேல் ஒரு சுருட்டு. இருபத்தாறு வருடம் நாடகக் கம்பெனிகளில் வேலை பார்த்தேன். நோட்டீஸைக் கிழித்திருக்கிறார்கள், சாணி அடித்திருக்கிறார்கள், சிறுபிள்ளைகள் ராஜாவுக்கு மீசை வரைந்திருக்கிறார்கள். கும்பிட்டதை அன்றுதான் பார்த்தேன்.

இப்போது கம்பெனிகளில் சேருகிற பிள்ளைகள் என்னிடம் வேலை பற்றிக் கேட்பதுண்டு. அவர்களுக்காக இதை எழுதி வைக்கிறேன்.

1. நோட்டீஸ்காரன் வேலை

பதுளைக்கு அப்போது ரயில் வரவில்லை. பண்டாரவளையோடு சரி. தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்பில் இறங்கும் கம்பெனி, பண்டாரவளை வரைக்கும் ரயிலில் வந்து, அங்கிருந்து சீன் படுதாக்களையும் பெட்டிகளையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வரும். நோட்டீஸ்காரன் அதற்குப் பத்து நாள் முன்னாலேயே வந்துவிடுவான். தோட்டத்துத் துரையிடம் உத்தரவு வாங்க வேண்டும், பெரிய கங்காணியைப் பார்க்க வேண்டும், நோட்டீஸ் ஒட்ட வேண்டும். பிறகு பெரட்டுக் களத்தில் நின்று, வரப்போகிற நாடகம் எப்படிப்பட்டது, ஏன் பார்க்க வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

எந்த ஊருக்கு எந்த நாடகம் என்று தெரிந்திருக்க வேண்டும். பதுளைக் கடைவீதி முதலாளிமாருக்கு ‘இரத்தினமாலை’. அதில் பாட்டு அதிகம், ஸ்திரீபார்ட் நகை ஜொலிக்கும். லயங்களில் குடியிருக்கும் தோட்டத்துச் சனத்துக்கு ‘வேட்டைக்கார ராஜா’. சண்டை உண்டு, பபூன் உண்டு, ராஜா காட்டில் வழி தெரியாமல் அலைகிற காட்சியில் எல்லாரும் அழுவார்கள். வேறு கம்பெனி பண்டாரவளையில் நல்ல நாடகம் போட வருகிறது என்றால் அதையும் சொல்வேன். ‘அந்தப் படுதாவுல கடல் இருக்கு, போய்ப் பாருங்க’ என்பேன். அப்படிச் சொன்னால்தான் நம் நாடகத்தைப் பற்றிச் சொல்லும்போதும் நம்புவார்கள்.

அந்த வருடம் எங்கள் ராஜபார்ட் சுந்தரம். கும்பகோணத்துக்காரர். அதற்கு முன்னால் இலங்கை மண்ணை மிதித்ததே இல்லை. ரோஸ் காகிதத்தில் அவர் முகத்தைப் பெரிதாகப் பிளாக் எடுத்து அச்சடித்திருந்தோம். வேஷம் போடாத முகம். இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. எந்தக் காலத்திலோ மேடைக் கத்தி பட்டது.

2. கங்காணி சொன்னது

சூடக் கரியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது பெரியண்ணன் கங்காணி வந்தார். அந்தத் தோட்டத்துக்கு அவர்தான் பெரிய கங்காணி. தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

“நோட்டீஸ்காரரே, இந்தப் படம் யாரோடது?”

“எங்க ராஜபார்ட் சுந்தரம்ங்க.”

“இல்லீங்க. இது எங்க முத்துக்கருப்பன். தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி பட்ட தழும்பு வரைக்கும் இருக்கு.”

பிறகு விவரம் சொன்னார். மூன்று வருடத்துக்கு முன்னால் ஐப்பசி மழையில், பதுளைக்குப் போன முத்துக்கருப்பன் திரும்பி வரவில்லை. ஆற்றில் வெள்ளம். அவனுடைய கம்பளி மட்டும் கீழே ஒரு மரத்தில் சிக்கிக் கிடந்தது. உடம்பு கிடைக்கவில்லை. ஆற்றோடு போய்விட்டான் என்று பாதிப் பேர் சொன்னார்கள். கம்பளியை வீசிவிட்டு ஊருக்கே ஓடிவிட்டான் என்று பாதிப் பேர். உடம்பு இல்லாததால் கருமாதி செய்யவில்லை. பெண்சாதி செல்லாயி தாலியைக் கழற்றவில்லை.

“அவ அண்ணன் அவளுக்கு வேற எடம் பாக்குறான். அவ மாட்டேங்குறா. இருக்காரா இல்லையான்னு தெரியாம நான் என்ன செய்யுறதுங்குறா. மூணு வருஷமா இதே பேச்சுத்தாங்க. சூடம் கொளுத்தினது அவ மாமியா வீட்டுச் சனம். அவங்களுக்கு அவன் செத்தவன்.”

“கங்காணி, சுந்தரம் கும்பகோணத்துல பொறந்து வளந்த ஆளு. எனக்கு நல்லாத் தெரியும்.”

“உங்களுக்குத் தெரிஞ்சு என்ன செய்யுறது? இந்த நாடகம் இங்க வேணாங்க. வேற தோட்டத்துல போடுங்க.”

துரை ஏற்கெனவே உத்தரவு கொடுத்துவிட்டார் என்றேன். அது உண்மை. திங்கட்கிழமை வேலை கெடக்கூடாது என்று ராத்திரி ஆட்டத்துக்குச் சம்மதிக்காமல், ஞாயிற்றுக்கிழமை பகலில், மிஷின் நிறுத்தியிருக்கும் நேரத்தில், தேயிலை ஸ்டோருக்குள் ஆடச் சொல்லியிருந்தார். கங்காணி தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

3. செல்லாயி கேட்டதும் நான் சொன்னதும்

அன்று சாயங்காலம் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டுப் பெண்கள் திரும்பினார்கள். ஒருத்தி மட்டும் கூடையை இறக்காமல் சுவருக்கு முன்னால் நின்றாள். மெலிந்த உடம்பு, முப்பது வயது இருக்கும். இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கு நனைந்து தண்ணீர் சொட்டியது. அவள் படத்தைத் தொடவில்லை. பக்கத்தில் போய், படம் ஏதோ பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்து நின்றாள். என்னைப் பார்த்ததும் திரும்பினாள்.

“அண்ணே, நாடகத்துல இவரு பேசுவாரா?”

“பேசுவாரும்மா. பாடுவாரு.”

“எங்க வீட்டுக்காரருக்குப் பாட வராதே.” கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள். “இது அவருதானா அண்ணே?”

அந்த இடத்தில் எனக்குப் பதில் தெரியும். இல்லை தாயி, இவர் வேறு ஆள் என்று நாலு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் அவளுக்குப் பின்னால் லயத்துச் சனம் முழுக்க நின்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அத்தனை பேர் அத்தனை அமைதியாக என் பேச்சுக்குக் காத்திருந்ததை நான் அதற்குமுன் கண்டதில்லை.

“வந்து பாருங்க” என்றேன்.

அதோடு நிற்கவில்லை. அடுத்த மூன்று தோட்டங்களிலும் பெரட்டுக் களத்தில் நின்று, ஆற்றோடு போன முத்துக்கருப்பன் ராஜாவாக வருகிறான், ஞாயிற்றுக்கிழமை பகல் வந்து பாருங்கள் என்று சொன்னேன். எழுதிக் கொடுத்தவர் யாரும் இல்லை. நானே சொன்னது.

கம்பெனி வந்தபோது, அதை நடத்தும் நாடக வாத்தியாரிடமும் சுந்தரத்திடமும் நான் ஒன்றும் சொல்லவில்லை. வேஷம் போட்டுக்கொள்ளும்போது சுந்தரம், “மாணிக்கம், வர்ற வழியெல்லாம் சனங்க என்னைப் பாத்து ஒதுங்கி நிக்கிறாங்களே, ஏன்?” என்று கேட்டார். ராஜபார்ட் என்றால் மரியாதை என்றேன்.

4. பகல் ஆட்டம்

நாலு தோட்டத்துச் சனம் வந்திருந்தது. கொழுந்து வாட்டுகிற மேல்மாடியில் சாக்குத் தட்டுகளைச் சுருட்டி ஒதுக்கிவிட்டு மேடை கட்டியிருந்தோம். மத்தியானம் இரண்டு மணிக்கே மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கி ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டது. பகலிலேயே விளக்குக் கொளுத்தினோம். வாடின இலையின் வாசம் மூக்கை அடைத்தது.

படுதாவை விலக்கிப் பார்த்தேன். முன்வரிசையில் சனத்துக்கும் மேடைக்கும் நடுவில் இலை போட்டுப் படைத்திருந்தார்கள். இலையில் சோறு, கருவாடு, அவித்த முட்டை, ஒரு போத்தல் சாராயம், சுருட்டு. சிறுபிள்ளைகள் அழவில்லை. எண்ணூறு பேர் இருமலைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பபூன் முதலில் போனார். எந்த ஊரிலும் அவர் நடந்தாலே சிரிப்பு வரும். இங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. உள்ளே வந்து, “என்னப்பா, எழவு வீடு மாதிரி இருக்கு” என்றார். ஆர்மோனியக்காரர் சுருதி பிடித்தார். சுந்தரம் பாடிக்கொண்டே மேடைக்குப் போனார்.

இரண்டு அடிதான் பாடினார். இலையைப் பார்த்தார். பாட்டு நின்றது. ஆர்மோனியம் தனியாக ஒரு சுற்று வாசித்து அதுவும் நின்றது.

செல்லாயி எழுந்து வந்தாள். வெளுத்த சேலை, தலை சீவியிருந்தாள். இலைக்கு முன்னால் நின்றுகொண்டாள். அழவில்லை. வீட்டில் பேசுகிற மாதிரிதான் பேசினாள்.

“நீங்க இருக்கீங்களா, போயிட்டீங்களா? அத மட்டும் சொல்லுங்க. மூணு வருஷமா ரெண்டுமில்லாம இருக்கேன்.”

நான் படுதாவுக்குப் பின்னால் நாலு முழ தூரத்தில் நின்றேன். எனக்குப் பக்கத்தில் வாத்தியார். சுந்தரத்தின் முதுகு எங்களுக்குத் தெரிந்தது. அவர் வாயைத் திறந்து பேசியதைக் கேட்டோம்.

“போயிட்டேன் செல்லாயி. ஆத்துல போயிட்டேன். கம்பளிய வச்சுக்கிட்டு இருக்காத.”

மேடைப் பேச்சு இல்லை அது. ராஜபார்ட்டின் கனத்த குரலும் இல்லை. சளி கட்டின, தாழ்ந்த, அந்த மலைப்பேச்சு. அவள் பெயரை நான் சுந்தரத்திடம் சொன்னதில்லை. கம்பளியைப் பற்றி எங்கள் கம்பெனியில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

செல்லாயி அங்கேயே தாலியைக் கழற்றினாள். சோற்றிலைப் பக்கத்தில் வைத்தாள். விழுந்து கும்பிட்டு எழுந்தாள். பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு மெல்ல ஒப்பாரி தொடங்கினார்கள். சனம் எழுந்து வரிசையாக வெளியே போனது. பனிமூட்டத்தில் ஒப்பாரி லயத்துப் பக்கம் இறங்கிப் போவதைக் கேட்டோம். அப்புறம் அதுவும் கேட்கவில்லை.

5. சுந்தரம் சொன்னது

அவர் பெட்டிமேல் உட்கார்ந்து கிரீடத்தைக் கழற்றாமல் இருந்தார். தண்ணீர் கொடுத்தேன்.

“பாவம், அந்தம்மா ஏன் தாலியக் கழட்டினாங்க? நான்தான் தெளிவாச் சொன்னேனே.”

“என்ன சொன்னீங்க?” வாத்தியார் கேட்டார்.

“‘அம்மா, நான் உங்க வீட்டுக்காரர் இல்ல, நான் வேற ஆளு, மன்னிச்சுக்குங்க’ன்னு சொன்னேன். நீங்க கேக்கலையா?”

வாத்தியார் ஆர்மோனியக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார். பபூனைக் கேட்டார். எல்லாரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள்: போயிட்டேன் செல்லாயி. சுந்தரம் முதலில் கோபப்பட்டார், விளையாடுகிறோம் என்று. பிறகு நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். படம், கம்பளி, மூன்று தோட்டத்தில் நான் பேசிய பேச்சு, எல்லாம். சொல்லி முடித்தபோது அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. திட்டவில்லை.

“என் வாயை யாருக்குக் குடுத்தே மாணிக்கம்?” என்று மட்டும் கேட்டார்.

பதுளையில் ‘இரத்தினமாலை’ நாலு நாள் போடுவதாக இருந்தது. முதல் நாள் வேஷம் போட்டு உட்கார்ந்தவர் மேடைக்குப் போக மறுத்துவிட்டார். “நான் பேசுறது உங்களுக்கு எப்படிக் கேக்குதுன்னு எனக்குத் தெரியல” என்றார். திருடன் வேஷம் கட்டுகிற கள்ளபார்ட்காரரை ராஜா வேஷம் கட்டச் சொல்லி ஒப்பேற்றினோம். நாலாம் நாள் பண்டாரவளை வரை நானே அவருடன் வண்டியில் போய் ரயிலேற்றினேன். ஊரில் ஒரு மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன். மேடை ஏறவே இல்லை.

6. பண்டாரவளைச் சந்தையில்

ஐந்தாறு வருடம் கழித்துப் பண்டாரவளைச் சந்தையில் ஒரு பெண் என் முன்னால் வந்து நின்றாள். இடுப்பில் ஒரு குழந்தை. செல்லாயி. வேறு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். நான் பயந்துதான் போனேன்.

“நல்லா இருக்கீங்களா அண்ணே?” என்றாள்.

அத்தனை வருடமாக மனதில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன். “தாயி, அது உன் புருஷன் இல்ல. கும்பகோணத்துக்காரர். எனக்கு முதல்லயே தெரியும். நான் சொல்லாம விட்டுட்டேன். என்னை மன்னிச்சிரு.”

அவள் குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“மேடைக்கு வந்தப்பவே எனக்கும் தெரிஞ்சிச்சு அண்ணே. நடை வேற. கால் வேற. அவரு இல்லைன்னு தெரிஞ்சுதான் எந்திரிச்சேன். ஆனா எங்க வீட்டுக்காரரு அங்க வந்திருந்தாரு. சோறு போட்டிருந்தோமில்ல? அவருக்குப் பேச ஒரு வாய் இல்லாம இருந்துச்சு.”

வண்டிக்கு நேரமாகிறது என்பதுபோல், சாதாரணமாகத்தான் அதைச் சொன்னாள். பிறகு குழந்தைக்கு வளையல் பார்க்கப் போய்விட்டாள்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். நாடகத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டிப் பேசுங்கள், அதுதான் தொழில். ஆனால் கூட்டத்தில் ஒருவர் தன் வாழ்க்கையை வைத்துக்கொண்டு உங்களிடம் ஒன்று கேட்டால், நோட்டீஸைக் கீழே வைத்துவிட்டுத் தெரிந்த பதிலைச் சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் விட்ட இடத்தில் வேறு யாரோ வந்து சொன்னார்கள். அது யார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.