கரை நாடா தள்ளிய டாக்டர்

மகளே, மகனே, போன மாதம் அத்தை வந்திருந்தபோது நீங்கள் இரண்டு பேரும் அவளைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டீர்கள். "பேருக்கு முன்னால டாக்டர்னு போட்டிருக்குது, நீங்க ஒருத்தருக்கும் ஊசியே போட மாட்டேன்றீங்களே அத்தை?" அவள் சிரித்துவிட்டு, "உங்க அப்பாவ கேளுங்க, அவருக்குத்தான் முழு கதையும் தெரியும்" என்று சொல்லிவிட்டு மெட்ராஸ் பஸ் ஏறிவிட்டாள். நான் எட்டாம் வகுப்போடு தறியில் இறங்கியவன். தெரிந்த அளவில் எழுதுகிறேன். தப்பு இருந்தால் அவளிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

நீங்கள் பிறப்பதற்கு முன்பு, எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. உங்கள் தாத்தா காலமாகி ஓர் ஆண்டு ஆகியிருந்தது. தறியை நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். என் தங்கை மெட்ராஸில் மனநோய் மருத்துவமனையில் பயிற்சியும், பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சியுமாக இருந்தாள். மருந்து கொடுக்கும் படிப்பு இல்லை. மனம் நொந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்க வேண்டியதைக் கேட்டு, எங்கே நோகிறது என்று கண்டுபிடித்து, பேச்சாலேயே தேற்றும் படிப்பு. எங்கள் தெருவில் இதைச் சொன்னால், "பைத்தியக்கார ஆஸ்பத்திரில உக்காந்துக்கினு பேசறதுக்கு இத்தினி வருஷம் படிக்கணுமா? நாங்க சும்மாவே பேசறோமேமா" என்பார்கள்.

அங்கே நோயாளிகளிடம் கேட்கும் கேள்விகள் வெளிநாட்டில் எழுதப்பட்டவையாம். நம் ஜனங்கள் கவலையை எந்த வார்த்தையில் சொல்கிறார்கள், துக்கத்தை உடம்பில் எங்கே காட்டுகிறார்கள் என்பது அதில் இல்லை. அதனால் நோய் இல்லாதவனுக்கு நோய் என்றும், இருப்பவனுக்கு இல்லை என்றும் எழுதிவிட வாய்ப்பு உண்டு. நம் பேச்சில் புதுக் கேள்விகள் எழுதி, நெசவாளிகளிடம் கேட்டுப் பார்ப்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட வேலை. அதற்கு அவளுடைய பேராசிரியர் ஒரே ஒரு கட்டளை போட்டிருந்தார். கேள்வி கேட்கும்போது அந்த ஆளும் இவளும் மட்டுமே இருக்க வேண்டும். மூன்றாம் மனிதர் காதில் விழுந்த பதில் செல்லாது.

அமாவாசையன்று நாம் தறி ஏற மாட்டோம் அல்லவா, அதனால் அன்றைக்கு ஒரு பள்ளிக்கூட அறையைக் கேட்டு வாங்கினாள். முதலில் வந்தவர் மூலை வீட்டுக்காரர். அவர் பின்னாலேயே அவர் மனைவி, மைத்துனன், இடுப்பில் குழந்தையோடு இன்னொரு அம்மாள். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

"ராத்திரில நல்லா தூக்கம் வருதாண்ணா?" என்று தங்கை கேட்டாள்.

அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னாள்: "அவருக்கா? குறட்டைல கூரை ஓடு எகிறுது. அப்படியே எழுதிக்கோமா."

"மனசுல ஏதாவது பாரம் மாதிரி..."

"இவனுக்கு இன்னா பாரம்? பாரமெல்லாம் எனக்குத்தான். என்ன கேளு, நான் சொல்றேன்" என்றான் மைத்துனன்.

"நீங்கல்லாம் கொஞ்ச நேரம் வெளிய இருங்க" என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர்கள் நகர்ந்ததும் மூலை வீட்டுக்காரர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"கோச்சிக்காதமா. பைத்தியக்கார ஆஸ்பத்திரி பொண்ணு என்ன மட்டும் தனியா ரூம்ல வெச்சிக் கேட்டான்னு வெளிய போச்சினா, நாளைக்கு என் பொண்ணுக்கு மாப்பிள கேக்க எவன் வருவான்? எல்லாரும் இருந்தா சொல்றேன், தனியா வேணாம்."

அன்று முழுக்க இதே கதைதான். நம் ஊரில் உடம்பு சரியில்லை என்றால் வீடே சேர்ந்து பதில் சொல்லும். தனியாகக் கூப்பிட்டால் அதற்குப் பெயரே வேறு. கும்பலாகக் கேட்டதை அவள் எழுதிக்கொண்டுபோய்க் காட்ட, பேராசிரியர் அத்தனையையும் ஒதுக்கி வைத்துவிட்டார். அடுத்த பரிசீலனைக் கூட்டத்துக்குள் தனியாகக் கேட்ட பதில்கள் வராவிட்டால் ஆராய்ச்சி இடம் போய்விடும் என்றாராம். வீட்டுக்கு வந்தவள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"ஆரணிலேர்ந்து ஒரு வரன் வந்திருக்குதே..." என்று உங்கள் அம்மா மெதுவாக ஆரம்பித்தாள்.

"அண்ணி, இப்ப அதப் பத்திப் பேசாதீங்க. எனக்கு அழுக வந்துடும்."

மறுநாள் நான் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தேன். தறியில் இருந்தது கோர்வைப் புடவை. கரைக்கும் உடலுக்கும் வேறு வேறு நிறம். குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் உடல் நாடாவை நான் விடுவேன், கரை நாடாவைத் தள்ளப் பக்கத்தில் ஒருவர் வேண்டும். எப்போதும் உங்கள் அம்மாதான். அன்று அவளுக்கு அடுப்படியில் கை ஒழியவில்லை. "நீ வாமா, சும்மாதானே உக்காந்துக்கினு இருக்க" என்று தங்கையைக் கூப்பிட்டேன். சின்ன வயதில் அப்பாவுக்குக் கரை தள்ளியவள் அவள். கை மறக்கவில்லை.

தறி ஓட ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் போனதும், ஏன் என்று தெரியாது, புடவையைப் பார்த்துக்கொண்டே நான் பேச ஆரம்பித்தேன். அப்பா போன பிறகு எனக்கு நெஞ்சில் ஏதோ அடைத்துக்கொண்டே இருக்கிறது, தறியில் உட்கார்ந்தால்தான் மூச்சு சீராக வருகிறது, தெருவில் யாராவது அவர் மாதிரி இருமினால் திரும்பிப் பார்க்கிறேன் என்று சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எந்நேரத்துல அடைக்குதுண்ணா?" என்று கேட்டாள், நாடாவைத் தள்ளினாள். இன்னொன்று கேட்டாள், தள்ளினாள். நானும் சொல்லிக்கொண்டே போனேன். திடீரென்று அவள் கை நின்றது.

"அண்ணா, இத்த யார்கிட்டயாவது சொல்லியிருக்கியா?"

"இல்ல. உன்கிட்டயும் சொல்றதா இல்ல. எப்படியோ வந்துடுச்சு."

அவள் துள்ளி எழுந்து அடுப்படிக்கு ஓடினாள். எட்டிப் பிடிக்கும் தூரம்தான். "அண்ணி, நாங்க இன்னா பேசிக்கினு இருந்தோம்?"

"பேசினீங்களா? தறி சத்தம்தான் கேட்டுது. ஏன், என்னப் பத்தியா?"

அப்போது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பூட்டிய அறை கிடைக்காத ஊரில் வீட்டுக்கு வீடு ஓர் அறை இருப்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அன்றிலிருந்து அவள் வீடு வீடாகக் கரை தள்ளப் போனாள். பக்கத்து ஊரான ஐயம்பேட்டை வரைக்கும் போனாள். உட்கார்ந்ததும் முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுவாள்: "இது என் படிப்புக்காக. நீங்க சொல்றது யாருக்கும் போவாது. வேணாம்னா சொல்லுங்க, நாடா மட்டும் தள்ளிட்டுப் போறேன்." அப்படி நாடா மட்டும் தள்ளிவிட்டு வந்த வீடுகளும் உண்டு. சம்மதித்த வீட்டில் ஒரு கேள்வி, ஒரு தள்ளு. தறி நிற்கும்போது குறித்துக்கொள்வாள். பார்ப்பவர்களுக்கு ஒரு பெண் கரை தள்ளுகிறாள், அவ்வளவுதான். யார் பெயரும் கெடவில்லை.

ஆனால் பேராசிரியர் இதை நம்ப வேண்டுமே? நேரிலேயே பார்க்கிறேன் என்று அவர் மெட்ராஸிலிருந்து வந்துவிட்டார். மூலை வீட்டுக்காரர் தறியில்தான் சோதனை. தங்கை பக்கத்தில் உட்கார்ந்தாள். பேராசிரியர் கதவோரம் நின்று காதைத் தீட்டிக்கொண்டார். பிறகு ஓரடி முன்னே வந்தார். மூலை வீட்டுக்காரர் மனைவி தண்ணீர் சொம்போடு குறுக்கும் நெடுக்கும் போனாள். தறி கட்டக் கட்டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. இருவர் உதடும் அசைந்தது தெரிந்தது, ஒரு சொல்லும் வரவில்லை. இந்த மனிதர் இப்போது மாட்டேன் என்று தலையை ஆட்டினால் ஆராய்ச்சி அதோடு முடிந்தது.

தறி நின்றது. மூலை வீட்டுக்காரர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "நாளைக்கும் வருவியாமா?" என்று தங்கையிடம் கேட்டார். அவர் அவளிடம் என்ன சொன்னார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் சொல்லவும் மாட்டாள்.

பேராசிரியர் கால்சட்டையை மடித்துக்கொண்டு தங்கை உட்கார்ந்திருந்த பலகையில் தாமே உட்கார்ந்தார். ஒரு தடவை நாடாவைத் தள்ளிப் பார்த்தார். அது நேராகப் போய்க் குழியில் விழுந்தது.

"சார், நீங்க கேள்வி மட்டும் கேளுங்க. நாடாவ விட்டுடுங்க, பொடவ கெட்டுடும்" என்றார் மூலை வீட்டுக்காரர். முதலில் பேராசிரியர்தான் சிரித்தார். அப்புறம் எங்களுக்கும் தைரியம் வந்து சிரித்தோம்.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே அவர் தங்கையிடம் சொன்னார்: "எனக்கு ஒண்ணுமே கேக்கலம்மா. அதான் வேணும். எழுது."

அவள் எழுதினாள். இரண்டு பொங்கல் கடந்து முடித்தாள். பல்கலைக்கழகத்தில் கடைசி வாய்மொழித் தேர்வு, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்றார்கள். அது ஓர் அமாவாசை நாள். தறி இல்லாததால் நானும் உங்கள் அம்மாவும் மூலை வீட்டுக்காரரும் விடியற்காலைப் பஸ்ஸில் போனோம். வெளியூரிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் இங்கிலீஷில் கேட்டுக்கொண்டே போனார், அவள் நின்றுகொண்டு பதில் சொன்னாள். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஒரு கேள்விக்கு மட்டும் அவள் பேசாமல், மேசையில் உள்ளங்கையால் தட்டிக் காட்டினாள். கட்டக், கட்டக். எந்தக் கேள்வி என்று எனக்குப் புரிந்துவிட்டது. கேட்டவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தாமும் ஒரு தடவை தட்டிப் பார்த்தார். எங்களை வெளியே அனுப்பி, மறுபடி உள்ளே கூப்பிட்டு, பேராசிரியர் எழுந்து அவள் பெயரை 'டாக்டர்' என்று சேர்த்துச் சொன்னபோது, மூலை வீட்டுக்காரர் என் முதுகில் ஓங்கி ஓர் அடி அடித்தார். "நம்ம பொண்ணுடா!" என்றார். கைதட்டலில் அவர் குரல்தான் பெரிதாகக் கேட்டது.

சாயங்காலம் ஊர் திரும்பினோம். தெருவே திரண்டு வந்தது. "டாக்டரம்மா, எனக்கு முட்டி வலி" என்று இரண்டு பேர் காலை நீட்டினார்கள். அவளும் தைலம் தேய்க்கச் சொன்னாள். பிறகு அவளை அழைத்துக்கொண்டு எல்லோரும் கோயிலுக்குக் கிளம்பினார்கள். பின்னாலேயே வருகிறேன் என்று நான் நின்றுகொண்டேன்.

நம் வீட்டில் அண்ணன் தங்கையை முகத்துக்கு நேராகப் புகழும் வழக்கம் கிடையாது. காலையிலிருந்து அவளிடம் நான் சொன்னதெல்லாம் "சாப்டியா?" மட்டும்தான்.

தறிக்குழியில் இறங்கினேன். அமாவாசையில் ஓர் இழைகூடச் சேரக்கூடாது. நாடாவிலிருந்த நூல் கண்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, வெறும் நாடாவை ஓட்டினேன். அடங்கிக் கிடந்த தெருவில் கட்டக் கட்டக் என்று அது பலமாகவே கேட்டது. பக்கத்து வீட்டில் கோயிலுக்குப் போகாமல் இருந்த யாரோ, "இன்னாபா, இன்னிக்குப் போய்த் தறி ஓட்ற?" என்றார்கள். நான் நிறுத்தவில்லை. கரை தள்ளுகிறவர் உட்காரும் வெறும் பலகையைப் பார்த்துக்கொண்டு, அந்தச் சத்தத்துக்குள்ளே, அவள் பெயரை டாக்டரோடு சேர்த்து வாய்விட்டுச் சொன்னேன். பிறகு நூல் கண்டை நாடாவில் பொருத்தி வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.